ஒத்தாசைக்குத் தோது

அரியூர் நாடு, கொல்லிமலை
10.9.2023

டீச்சரம்மா அவர்களுக்கு பாப்பாயி எழுதுவது.

அறப்பளீஸ்வரர் தயவில் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் இடுப்பு வலி குறைந்ததா, மாப்பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று எழுதவும். போன் போட்டால் நீங்கள் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவர் ம்ம் என்கிறார், நான் அழுகிறேன், போன் அணைந்துபோகிறது. அதனால்தான் கடிதம். அஞ்சாவது வரை படித்த எழுத்து, பிழை இருந்தால் டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அருணாவுக்குக் கல் வைத்திருப்பதாக மாப்பிள்ளை போட்டோ அனுப்பினார். எங்கள் அண்ணன் மகள் மோனிஷாவின் போனில் பார்த்தோம். கருப்புக் கல், வழவழப்பாக இருக்கிறது. நாங்களும் செத்தவர்களுக்குக் கல் நடுகிறவர்கள்தான், எழுத்து வைக்க மாட்டோம். இதில் எல்லாம் இங்கிலீஷாக இருக்கிறது. பேர் தெரிந்தது. வருஷம் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. மோனிஷா எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஹெல்ப் மீட் ஃபார் ஹிம். காலேஜ் படிக்கிற பெண்தான், அர்த்தம் கேட்டால் விழிக்கிறாள். ஹெல்ப் என்றால் உதவி, மீட் என்றால் சந்திக்கிறது, இரண்டும் சேர்ந்தால் என்ன என்று தெரியாதாம். டீக்கடை அர்த்தனாரி எட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டுன்னா கறி புள்ள. நாமக்கல்லு ஓட்டல் போர்டுல பெருசா எழுதியிருப்பான், பாத்ததில்லையா" என்று சொல்லிச் சிரித்தான். கல்லறையில் இருக்கிறது என்று தெரிந்ததும் டம்ளரைக் கழுவப் போய்விட்டான்.

நானாக ஒன்று நினைத்துக்கொண்டேன். மறுபடி சந்திப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் அன்றைக்குக் காட்டுக்குப் போய்க் குச்சிக்கிழங்குக்கு மண் அணைத்தார். ஒரு வருஷமாகக் களைக்கொத்தைத் தொடாத மனுஷன். நான் நினைத்தது சரிதானா என்று எழுதுங்கள்.

இன்னொன்று. ஆசுபத்திரிக்குப் போகும் முன்னால் வீட்டில் அவள் கடைசியாக என்ன பேசினாள்? நாங்கள் வந்தபோது அவளுக்கு நினைவில்லை. நீங்கள்தான் கூட இருந்தீர்கள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்.

பாப்பாயி


பாளையங்கோட்டை
27.9.2023

பாப்பாயி அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறேன். ராசப்பனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்தில் பிழை அதிகம் இல்லை. அந்தச் சொல்லுக்குச் சந்திப்பு என்று பொருள் அல்ல. ஆங்கிலம் படித்தவர்களே இந்த இடத்தில் தவறுகிறார்கள், மோனிஷாவைக் குறை சொல்ல வேண்டாம். அது பழைய ஆங்கிலம், இன்றைக்கு யாரும் பேசுவதில்லை. மீட் என்றால் ஏற்ற, தகுந்த, பொருத்தமான என்று அர்த்தம். அளவு என்பதைக் குறிக்கிற ஒரு சொல்லிலிருந்து வந்தது. அளவுக்குச் சரியாக அமைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்ப் என்பதோடு சேர்ந்து வரும்போது ஏற்ற துணை. பிறகு வந்தவர்கள் இரண்டு சொல்லும் தனித்தனி என்பதையே மறந்து, ஒன்றாக ஒட்டி, மனைவிக்கு ஒரு பெயராகவே ஆக்கிவிட்டார்கள். அந்த வரியின் முழு அர்த்தம், அவனுக்கு ஏற்ற துணை.

வேதாகமத்தில் இருந்து எடுத்து எங்கள் திருமணங்களில் சொல்லப்படுகிற வார்த்தை அது. அதைவிட உயர்ந்த மரியாதை ஒரு பெண்ணுக்கு இல்லை. நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

இங்கே மழை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெசிந்தா


அரியூர் நாடு
15.10.2023

டீச்சரம்மா அவர்களுக்குப் பாப்பாயி வணக்கத்துடன் எழுதுவது.

வாக்கர் பிடித்து நடக்கிறீர்கள் என்று படித்து நிம்மதி. இவருக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை.

சந்திப்பு இல்லை என்று தெரிந்துகொண்டேன். அவரிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். அவர் தினமும் அந்தப் போட்டோவைக் காட்டச் சொல்லி மோனிஷாவைத் தொல்லை பண்ணுகிறார், சொல்லிவிட்டேன். "அப்ப வரமாட்டாளாக்கும்" என்றார். என்னமோ அதுவரைக்கும் வருகிற மாதிரி. கொத்து மறுபடியும் மூலைக்குப் போய்விட்டது.

டீச்சர், பொருத்தம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வாயால் அந்த வார்த்தையை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை அருணாவைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது எங்கள் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தீர்கள். மிளகு தட்டிப் போட்டுக் காப்பி கொடுத்தேன். "பாப்பாயி, உன் பொண்ணு கெட்டிக்காரி, நானே இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தவ. ஆனா என் மகனுக்குப் பொருந்தி வரமாட்டா. நீயே யோசிச்சுப் பாரு" என்றீர்கள். நானும், "ஆமாங்க டீச்சர், நம்ம ரண்டு பேருக்கும் மொறை ஆகாதுங்க" என்றேன். நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு நாள்தான். அவர்கள் நம்மைக் கேட்கவில்லை.

அன்றைக்கு உயிரோடு அடுப்படியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பொருத்தம் இல்லை. இன்றைக்குக் கல்லுக்குக் கீழே படுத்திருக்கிறவளுக்கு வந்துவிட்டது. அளவுக்குச் சரியாக இருக்கிறாள் என்கிறீர்கள். அளவெடுத்தது யார்?

எங்கள் பேச்சில் அதற்குத் தோது என்று சொல்வோம். கொத்துக்குப் பிடி செதுக்கினால் கைக்குத் தோதாக இருக்கிறதா என்று பிடித்துப் பார்ப்போம். ஏருக்கு மாடு சேர்த்தால் ஒன்றுக்கொன்று தோதா என்று பார்ப்போம். கிழங்கு ஏற்ற லாரி தோதுப்பட்டால் அனுப்புவோம், இல்லாவிட்டால் காட்டிலேயே கிடக்கும். உங்கள் மீட் இதில் எது? மரியாதையா, தோதா? நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், நீங்கள் படித்தவர்கள்.

கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்டிருந்தேன். அதற்கு எழுத மறந்துவிட்டீர்கள்.

இந்த வருஷம் மிளகு நன்றாகச் சரம் விட்டிருக்கிறது. பறித்ததும் அனுப்புகிறேன்.

பாப்பாயி


பாளையங்கோட்டை
19.11.2023

அன்புள்ள பாப்பாயி,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழைக்காலத்தில் இடுப்புக் குடைச்சல் அதிகம்.

தோது நல்ல சொல். மலையில் இருந்த வருடங்களில் கேட்டிருக்கிறேன். நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தச் சொல் நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறும். விருந்தாளிக்கு ஏற்ற உணவு, பயணத்துக்கு ஏற்ற நாள், குற்றத்துக்கு ஏற்ற தண்டனை, எல்லாவற்றுக்கும் பழைய ஆங்கிலத்தில் மீட்தான். இப்படிச் செய்வதே தகும் என்று சொல்வதற்கும் அதுதான்.

அன்று உங்கள் வீட்டில் நான் பேசியதை மறக்கவில்லை. அதனால்தான் அந்த வரி. நான் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பிறகு என்னைப் பார்த்துக்கொண்டவள் அவள். தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டாள். வயிற்றில் பிறந்தவள்கூட அப்படிச் செய்ய மாட்டாள். கடைசி வாரத்திலும் காய்ச்சல் உடம்போடு வெந்நீர் வாளியை மாடிக்குத் தூக்கி வந்து என் முதுகைத் துடைத்துவிட்டாள். "நீங்க அசையாதீங்க அத்தை" என்பாள். அதையெல்லாம் பார்த்த பிறகு வேறு எந்த வார்த்தையை நான் எழுதச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

ராசப்பனுக்கு என் விசாரிப்பு.

ஜெசிந்தா


அரியூர் நாடு
26.11.2023

டீச்சரம்மா அவர்களுக்கு,

சுகமாக இருங்கள். எங்கள் சுகத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

ஆசுபத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தா பாப்பாயி. ஒரே ராத்திரியில வந்துட்டு." நான் அதை நம்பினேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னேன். ஒரே ராத்திரியில் வந்த காய்ச்சல், யார் என்ன செய்ய முடியும் என்று. ரத்தத்தில் தட்டணு குறைந்துபோச்சு, முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று டாக்டர் இவரிடம் சொன்னார். டாக்டருக்கு என்ன தெரியும், ஒரே ராத்திரியில் வந்ததை எப்படி முன்னாலே கொண்டுவருவது என்று அவரைத்தான் வைதேன்.

இப்போது நீங்கள் உங்கள் கையாலேயே கடைசி வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் உடம்போடு என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு வருவதாக இருந்தாள். "சாமைச் சோறு ஆக்கி வெய்யிம்மா, நாலு நாள் படுத்துத் தூங்கோணும்" என்றாள். பிறகு போன் பண்ணி, "இப்ப வர முடியாதும்மா, அத்தைக்கு ஒத்தாசைக்கு ஆளில்ல" என்றாள். குரல் என்னடி இப்படி இருக்கு என்றேன். சளி என்றாள். ஆடி போய் ஆவணியில் நாங்கள்தான் இறங்கி வந்தோம்.

ஹெல்ப் என்றால் எங்கள் பேச்சில் ஒத்தாசை. மீட் என்றால் தோது. நான் படிக்காதவள்தான், ஆனாலும் இப்போது அந்த வரியைப் படித்துவிட்டேன். ஒத்தாசைக்குத் தோது.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம், காலையில் பேங்குக்குப் போனால் பொழுது போய்த்தான் வருகிறவர். முதுகைத் துடைத்த கை சுட்டிருக்குமே. ஆமாம், இல்லை. ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பாப்பாயி


பாளையங்கோட்டை
20.12.2023

பாப்பாயி அவர்களுக்கு,

கிறிஸ்து பிறப்பு நாளுக்கும் வருகிற புத்தாண்டுக்கும் எங்கள் வீட்டாரின் வாழ்த்துக்கள். எல்லாரும் ஆரோக்கியமாக இருக்க ஜெபிக்கிறேன்.

இங்கே இந்த வருடம் பெரிய மழை. தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது, கீழ் அறையில் இருந்த புத்தகங்கள் நனைந்துவிட்டன. கேக் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ராசப்பனுக்கு இனிப்பு ஆகுமென்றால் கொடுக்கவும். முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கலாம்.

ஜெசிந்தா


அரியூர் நாடு
8.1.2024

டீச்சருக்கு,

வெள்ளம் வடிந்து சௌகரியமாக இருப்பீர்கள். கேக் வந்தது. பிரித்து எறும்புக்கு வைத்தேன். கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பாப்பாயி


பாளையங்கோட்டை
12.4.2024

பாப்பாயி அவர்களுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். வெயில் ஆரம்பித்துவிட்டது. மலையில் குளிர்ச்சியாக இருக்கும்.

ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லாமல் செய்யக்கூடாது என்று எழுதுகிறேன். மகன் ஜெயசீலனுக்கு ஒரு இடம் பேசியிருக்கிறோம். அவன் நெடுநாள் மறுத்தான். எனக்கும் வயதாகிறது, வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும். ஜூனில் வைக்கலாம் என்று இருக்கிறோம்.

பெண்ணின் தகப்பனார் தம் உறவுக்காரர் கல்லறைக்கு வந்தபோது அருணாவின் கல்லைப் பார்த்திருக்கிறார். சபைக்கு வருகிற எல்லாருக்கும் பழகிய வரி அது. "அவருக்கு ஏற்ற துணை இங்க படுத்திருக்கான்னா, என் மக யாரு?" என்று கேட்டார். பேரும் வருடமும் இருக்கட்டும், அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள். கல் கொத்துகிறவரை விசாரித்தோம், வழித்து எடுத்து மெருகு போட்டுவிடலாம், தடம் தெரியாது என்கிறார்.

பெற்றவர்கள் நீங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் கை வைக்க மாட்டேன்.

ஜெசிந்தா


அரியூர் நாடு
5.5.2024

டீச்சருக்கு,

எல்லாரும் சுகமாக இருங்கள். மாப்பிள்ளை நன்றாக இருக்கட்டும். அவரை இனி மாப்பிள்ளை என்று எழுதலாமா என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் உட்கார்ந்த அதே கட்டிலில் படுத்திருந்தார். "ரண்டாவது தடவையும் பொருத்தமில்லீன்னுட்டாங்களா?" என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது டீச்சர். அவள் போன பிறகு நான் சிரித்தது அதுதான்.

எடுத்துவிடுங்கள். எனக்குச் சம்மதம். அவருக்கு ஏற்றவள் என்று எழுதினீர்கள். உங்களுக்குத் தோதாக இருந்தாள், அது எனக்குத் தெரியும். அவளுக்கு எது ஏற்றது, எது தோது என்று அந்தக் கல்லில் எங்கேயும் இல்லை. நாலு நாள் தூங்க வேண்டும் என்றாள், அதுதான் அவளுக்குத் தோதாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் பாய் இருந்தது. சாமை குத்தி வைத்திருந்தேன். அதனால் அந்த வரி போனால் என் மகளுடையது எதுவும் போகாது. தடம் தெரியாமல் வழிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் வழிக்கிறதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். புதுசாக வருகிற பெண்ணை ஒரு தடவை கூட்டிப்போய் அந்த வரியைக் காட்டுங்கள். படித்த பெண்ணாக இருந்தாலும் என்னை மாதிரி சந்திப்பு என்று நினைத்துக்கொள்ளப் போகிறாள். எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். பழைய வார்த்தை, இப்போது பேசுவதில்லை, ஆனால் இந்த வீட்டில் இன்னும் நடப்பில் இருக்கிறது என்று சொல்லுங்கள். மாடிக்கு எத்தனை படி என்பதையும் அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

மிளகு அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். அனுப்பவில்லை.

பாப்பாயி


பாளையங்கோட்டை
30.6.2024

அன்புள்ள பாப்பாயி,

உங்களையும் ராசப்பனையும் தினமும் நினைக்கிறேன். எனக்குச் சுகம் என்று எழுதினால் அது வழக்கத்துக்காக எழுதுவதாக இருக்கும்.

கல்யாணம் நடந்தது. என் படுக்கையைக் கீழ் அறைக்கு இறக்கிவிட்டேன்.

கல் கொத்துகிறவர் வந்த அன்று நானும் ஆட்டோ வைத்துக்கொண்டு போனேன். கல்லறைத் தோட்டத்துக்குள் வாக்கர் உருளாது, ஜெயசீலன் தாங்கிக்கொண்டான். ஹெல்ப் என்பதை முதலில் வழித்தார். பிறகு கடைசி இரண்டு சொற்களையும் வழித்தார். நடுவில் இருந்ததற்கு உளியைக் கொண்டுபோனபோது போதும் என்று சொல்லிவிட்டேன். "அரைகுறையா நிக்குதே டீச்சர், ஒரு அர்த்தமும் வரலையே" என்றார் அவர். நிற்கட்டும் என்றேன். அவனுக்கு என்பது இப்போது இல்லை. துணை என்பதும் இல்லை. மீட் மட்டும் தனியாக இருக்கிறது. பெண் வீட்டார் பார்த்தார்கள். தனியாக நின்றால் அவர்களுக்கும் அது சந்திப்புதான், நல்ல வார்த்தை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாழ்நாள் முழுக்கப் பிறர் ஆங்கிலத்தைத் திருத்தியே பழகியவள் நான். அவர்களைத் திருத்தவில்லை. இனி யார் எப்படிப் படித்தாலும் திருத்தப்போவதில்லை.

போட்டோ எடுத்து மோனிஷாவின் எண்ணுக்கு அனுப்பச் சொன்னேன். ராசப்பனிடம் காட்டுங்கள்.

ஜெசிந்தா


அரியூர் நாடு
21.7.2024

டீச்சரம்மாவுக்கு பாப்பாயி எழுதுவது.

இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் அறையில் ஈரம் ஏறும், சாக்கு விரித்துப் படுங்கள்.

போட்டோ வந்தது. மோனிஷா படித்தாள். "அத்தை, சந்திப்புன்னு இருக்குது" என்றாள். நான் திருத்தவில்லை. இவர் போனை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். நெசமாவா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் விடிந்ததும் கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனார். ஒரு மனுஷன் எழுந்து நடக்கிறதற்குப் பொய் போதும் என்றால் அது இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு மட்டும் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்த அர்த்தம்தான் வருகிறது. குற்றத்துக்கு ஏற்ற என்றும் வரும் என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் சேர்ந்து வருகிறது.

இந்த வருஷமும் ஆடிப் பதினெட்டுக்குச் சாமைச் சோறு ஆக்குவேன்.

ஒரு வார்த்தையை விட்டுவைத்திருக்கிறீர்கள் டீச்சர். நான் கேட்டதும் ஒரு வார்த்தைதான்.

பாப்பாயி